கூறை நிறத்தில் ஒரு பூப்பாத்தி

சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் நான் மஞ்சள் பூ நடுவதில்லை. என் வீட்டுக்காரர் இதை ஒரு வியாதி என்கிறார். மே மாதத்து நீண்ட வார இறுதியில் பூக்கன்று வாங்கப் போனால் நான் தட்டுகளைத் தூக்குவதும் வைப்பதுமாக நிற்பேன். அவர் வண்டிலைப் பிடித்துக்கொண்டு, "பூத்தானே, ஏதோ ரெண்டைத் தூக்கி வையுமன்" என்பார். அவருக்கு என்ன தெரியும்? அவர் இந்த நாட்டுக்கு வந்ததே மீசை முளைத்து வேலை பார்த்த பிறகு. இது அவருக்காக எழுதுவது அல்ல. சின்ன வயதில் இந்த நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டு, தாய் தகப்பனுக்காக வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்த்து, இப்போது முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு இருக்கிறீர்களே, உங்களுக்காக எழுதுவது. பெரியவர்கள் குரலைத் தாழ்த்தினால் ரீவி பார்ப்பதுபோல இருந்துகொண்டு முழுக்கக் கேட்கத் தெரிந்தவர்கள் நாங்கள். அந்தக் கெட்டித்தனம் இல்லாவிட்டால் எங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று எங்களுக்கு ஒரு மண்ணும் தெரிந்திராது.

பார்க்டேலில் கரப்பான் ஓடும் ஒற்றை அறைக் குடியிருப்பை விட்டு, ஸ்காபரோவில் சொந்த வீட்டுக்கு வந்த முதல் கோடை அது. சொந்த வீடு என்றால் பாதி வீடு. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இத்தாலிய அன்ரி இருந்தார். வீட்டுக்கு நேர் முன்னால் பஸ் தரிப்பு. பஸ்ஸுக்கு நிற்கிற சனம் முழுக்க எங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும், ஆனால் முற்றத்தில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. வீட்டை விற்றவர் பட்டுப்போன பற்றையொன்றைக் கிண்டி எடுத்த இடம் சுவரோரமாக வெறும் மண்ணாகக் கிடந்தது. அந்த மண்ணுக்குப் பின்னால், நிலத்தோடு நிலமாக, பேஸ்மென்ற் யன்னல். யன்னலுக்கு உள்ளே சித்தப்பா இருந்தார்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. முந்தின மாரிக் குளிரில் வந்து சேர்ந்தவர். எனக்கு அப்போது பத்து வயது, அவருக்கு இருபத்திரண்டு இருக்கும். சாப்பிட்ட கோப்பையை மேசையில் வைக்கமாட்டார், கையோடு எழும்பிக் கழுவிவிடுவார். எங்கே இருந்தாலும் கதவைப் பார்த்தபடிதான் இருப்பார். பஸ் வந்து நிற்கும்போது கதையை நிறுத்துவார், பஸ் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். என்னோடு கரம் பலகையில் விளையாடும்போது மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார். அதுவும் கள்ள ஆட்டம்.

அவர் ஊரில் இயக்கத்தில் இருந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு வந்தவர். இதை எனக்கு ஒருவரும் இருத்தி வைத்துச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ஆர் கேட்டாலும் சித்தப்பா வேறு நகரத்தில், மொன்றியலில் இருக்கிறார். அதைச் சொல்லும்போது அப்பா என் கையைப் பிடித்திருந்தார். பிடித்த இடம் நொந்தது. சித்தப்பா ஒரு பேக்கரியில் வேலை செய்தார், பின்கதவால் போய்ப் பின்கதவால் வந்தார். விட்டுவிட்டு வந்தவர்களை இங்கே ஆரும் தேடினார்களா, கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் எல்லாரும் பயந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

அம்மா வீட்டில் இருந்தபடி சாறிக்குப் போடும் சட்டை தைத்தார். ஸ்காபரோவில் அந்தக் காலத்தில் கல்யாணம் கட்டின பாதிப் பேரின் சட்டை அம்மாவின் மெசினில் ஓடியதுதான். அவருக்கு அந்த வெறும் மண் பொறுக்கவில்லை. "பஸ்ஸுக்கு நிக்கிறவன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?" என்பார். தோட்டக் கடைப் புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. எந்தக் கன்று எவ்வளவு உயரம் போகும், வெயில் வேண்டுமா நிழல் வேண்டுமா, எத்தனை மாதம் பூக்கும் என்று நான் வாசித்துச் சொல்லவேண்டும். ஆனால் நிறத்தை அம்மா புத்தகத்தில் தேடவில்லை. வெட்டுத்துணிப் பையைக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினார்.

எல்லாம் சட்டைத் துணியில் மிஞ்சிய துண்டுகள். ஒவ்வொன்றாக மண்ணில் விரித்து, பறக்காமல் கல் வைத்து, பஸ் தரிப்பு வரை நடந்துபோய்த் திரும்பி நின்று பார்ப்பார். வந்து ஒன்றை மாற்றுவார். மறுபடி போவார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஊதாவும் செம்மஞ்சளும் வைத்தார், "பெயின்ற் கடை மாதிரிக் கிடக்கு" என்று எடுத்தார். நீலமும் வெள்ளையும் வைத்தார், பள்ளிக்கூட யூனிபோம் என்று எடுத்தார். கடைசியில் அரக்குச் சிவப்புப் பட்டுத் துண்டுகளை நடுவில் நெருக்கமாகப் பரப்பி, முன்னுக்கும் பின்னுக்கும் மாம்பழ மஞ்சளில் ஒவ்வொரு வரி ஓடவிட்டார். பஸ் தரிப்பில் கனநேரம் நின்றார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இது என்ரை கூறையடி," என்றார்.

கூறைச் சேலை, தாலி கட்டுகிற நேரம் உடுத்த சேலை. அம்மாவின் கூறை அரக்குச் சிவப்பு, இரண்டு பக்கமும் மஞ்சள் கரை. இடம்பெயர்ந்து ஓடியபோது ட்றங்குப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வந்தது. பெட்டியும் வீடும் பிறகு இல்லை. கல்யாணப் படத்தில் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆகவே அந்த நிறம் அம்மாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது, அதை மண்ணில் விரித்துவிட்டார்.

பிறகு கன்று தேடும் வேலை. சேலையின் உடலுக்குச் சிவப்புச் சல்வியாவும் ஜெரேனியமும். தலைப்புப் பக்கத்துக்குக் கோழிக்கொண்டை, அதன் பூ வெல்வெற் துணியாகவே இருக்கும். கரைக்கு மரிகோல்ட், அம்மா அதைச் செவ்வந்தி என்றே சொன்னார். முன்கரைக்குக் குட்டை இனம், பின்கரைக்கு என் இடுப்புக்கு வளரும் நெட்டை இனம். எல்லாம் வெயில் கேட்கிற கன்றுகள், ஒரே அளவு தண்ணீர் கேட்கிறவை, ஒன்றையொன்று மறைக்காதவை. இத்தாலிய அன்ரி மதிலால் எட்டிப் பார்த்து, சிவப்பும் மஞ்சளும் அடிபடும், நடுவில் வெள்ளைப் பூ வைத்தால் அடங்கும் என்று கையால் விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா அவருக்குச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, "உவவுக்கு என்ன தெரியும் கூறையைப் பற்றி" என்று தமிழில் சொன்னார்.

மண்ணைக் கிண்டியது சித்தப்பா. ஞாயிறு விடிய, முதல் பஸ் வருவதற்கு முன்பு, வெறுங்காலோடு நின்று கிண்டினார். கல் பொறுக்கி, எரு கலந்து, கட்டி உடைத்து, மாவாக்கிவிட்டார். அந்த வீட்டில் அவர் ஆறுதலாக மூச்சு விட்டதை நான் கண்டது அந்த விடியல்களில்தான். என்ன நிறம் அண்ணி என்று கேட்டார். பூக்கும்போது பார் என்று அம்மா பகிடியாகச் சொன்னார். கன்று நட்டபோது எல்லாம் வெறும் பச்சை.

ஆடி பிறந்ததும் பூத்தது. ஒன்றிரண்டாக அல்ல, ஒரு கிழமைக்குள் முழுப் பாத்தியும் பற்றிக்கொண்டது. அம்மா தலை சீவி, பொட்டு வைத்து, பஸ்ஸுக்குப் போகிறவர் மாதிரித் தரிப்பில் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். நாளுக்கு இரண்டு தரம் போவார். எனக்குத் தெரிந்து அம்மா அவ்வளவு சந்தோசமாக இருந்தது அப்போதுதான். சித்தப்பா மட்டும் பாத்தியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கரம் விளையாட வா என்றால் தலையிடி என்றார்.

அப்படியொரு பின்னேரம் பஸ்ஸால் இறங்கியவர் கலண்டர் அண்ணை.

கலண்டர் அண்ணை என்று எங்கள் வீட்டில்தான் சொல்வோம். வருட முடிவில் தமிழ் வீடுகளுக்குக் கலண்டர் கொண்டுவருவார், மற்ற மாதங்களில் விழாவுக்கு ரிக்கற் கொண்டுவருவார். இயக்கத்துக்கு வேலை செய்கிறவர் என்பதை எல்லாரும் அறிவார்கள், ஒருவரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். மெதுவாகக் கதைக்கிற, காலில் போடுகிற பிரவுண் சப்பாத்தைக் கண்ணாடியாய் மினுக்கி வைத்திருக்கிற மனிசர். பாத்தியைக் கண்டு நடைபாதையிலேயே நின்றுவிட்டார். பிறகு வந்து அம்மாவிடம், "தங்கச்சி, ஒருத்தரும் துணியாததை வாசலிலை துணிஞ்சு செய்திருக்கிறியள்" என்றார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மா பொழுதுபோக்குக்கு நட்டது அண்ணை என்றார். வாற ஞாயிறு கமராவோடு வருகிறேன், வருகிற வருடக் கலண்டரின் முதல் தாளுக்கு இதைப் போடலாம் என்றார் அவர். அம்மா, கட்டாயம் வாருங்கள், தேத்தண்ணி குடிக்கலாம் என்றார். கம்பிக் கதவுக்குப் பின்னால் அப்பா நின்றார். அப்பாவின் முகத்தில் இரத்தம் இல்லை.

உங்களுக்கு விளங்கியிருக்கும். சிவப்பும் மஞ்சளும் இயக்கக் கொடியின் நிறம். அம்மாவுக்கும் அது தெரியாததல்ல, எல்லா மேடையிலும் எல்லா மண்டபத்திலும் கண்டதுதான். ஆனால் கூறையை நினைத்துக்கொண்டு நின்றவருக்குக் கொடி கண்ணில் படவில்லை. அன்றிரவுச் சமையலின்போது அப்பா குசினியில் வைத்துச் சொன்னபோது முதலில் சிரித்தார். "பூ நட்டால் கொடியோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்." அப்பா சிரிக்கவில்லை. கலண்டரில் வந்தால் சனம் வீட்டைத் தேடி வரும், வந்து முற்றத்தில் நின்று கதைக்கும், உள்ளே கூப்பிடாமல் விட முடியாது, அப்போது கீழே இருக்கிறவனை எங்கே ஒளிப்பேன் என்று கேட்டார். அம்மாவின் சிரிப்பு நின்றது. நான் ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே இருந்தவருக்கு இது ஒன்றும் புதினமில்லை. கோடையென்று யன்னல் திறந்தபடி இருந்தது, கலண்டர் அண்ணை கதைத்தது எல்லாம் அவர் தலைக்கு மேலேதான். அன்றிலிருந்து சித்தப்பா மேலே வரவில்லை. வேலைக்குப் போகவில்லை. நான் சாப்பாட்டைப் படியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் கோப்பை கழுவித் துடைத்து அதே படியில் இருக்கும், சோறு முக்கால்வாசி குப்பைப் பையில் கிடக்கும். பஸ் வந்து நிற்கும் சத்தத்துக்கு இப்போது வீட்டில் எல்லாரும் கதையை நிறுத்தினோம். இறங்குகிற ஆள் நடந்து போகும்வரை அம்மா மெசினை மிதிக்காமல் இருப்பார்.

வழி இல்லாமல் இல்லை. இத்தாலிய அன்ரியிடம் மிஞ்சின வெள்ளைப் பெற்றூனியா ஒரு தட்டு நிறைய இருந்தது, தரட்டுமா தரட்டுமா என்று கேட்டபடி இருந்தார். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில் அதை வைத்தால் கொடி கலைந்துவிடும், பிரச்சினை தீர்ந்துவிடும். அப்பா நாடியைத் தாங்காத குறையாகக் கெஞ்சினார். அம்மா சன்னதம் வந்தவர் மாதிரி எழும்பினார்.

"என்ரை கூறைக்குள்ளை வெள்ளையோ? நீங்கள் உயிரோடை இருக்கேக்கையோ?"

வேறு ஆராவது இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வெள்ளைப் பூ வைத்தால் புருசன் செத்துப்போவானா? எங்கள் அம்மாமாருக்கு அது சிரிக்கிற விசயம் இல்லை. தான் நட்டது கூறை என்று அம்மா முழுமனதாய் நம்பினார். கூறைக்குள் வெள்ளையை விட்டு, பிறகு அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் அவருக்கு ஒன்று நடந்தால் தாங்க அவரால் முடியாது. ஒரு பக்கம் புருசன், மறு பக்கம் மைத்துனன். அந்தக் கிழமை அம்மா தைத்த இரண்டு சட்டைக்குக் கை மாறிப் பொருத்தி, பிரித்துத் தைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா மேலே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. மெசினுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணி, அந்த மஞ்சளைப் புடுங்கிவிடுங்கோ."

அம்மா தலையைத் தூக்கவில்லை. "அது என்ன எண்டு உனக்குத் தெரியாதே? கலியாணத்திலை என்ரை கூறைத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு சபையெல்லாம் சுத்திக் காட்டினவன் நீ. உவள் வயதுதான் அப்ப உனக்கு."

"தட்டம் ஞாபகம் இருக்கு. அதின்ரை பாரமும் ஞாபகம் இருக்கு. நிறம் ஞாபகமில்லை அண்ணி. அந்த ரெண்டு நிறத்தையும் ஒண்டாக் கண்டால் எனக்கு வேறை ஒண்டுதான் தெரியுது. அதைப் போர்த்தின பெட்டியளையும் நான் தூக்கினனான். என்னோடை படிச்ச பொடியள்."

அம்மா மெசினில் கையை வைத்தபடி இருந்தார். பிறகு, "என்ரை கூறையின்ரை நிறத்தை நான் அவையளுக்கு எழுதிக் குடுக்கேல்லை," என்றார்.

"அந்த நிறத்தை என்னட்டையும் ஒருத்தரும் கேட்டு எடுக்கேல்லை," என்றார் சித்தப்பா. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கீழே போனார். நான் கதவருகில் நின்றேன். இரண்டு பேரிலும் எனக்கு அப்படி ஒரு பரிதாபம் வந்தது, யாரிடம் போய் நிற்பதென்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

ஞாயிறு காலை அம்மா துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலோடு முற்றத்தில் இறங்கினார். முன்கரையை வெட்டினார், பிறகு பின்கரையை வெட்டினார். பூவை மட்டும் கிள்ளியிருக்கலாம். ஆத்திரத்தில் தண்டோடு, அடியோடு வெட்டினார். பேசின் நிறைந்து வழிந்தது. கோயிலுக்குக் கொடுக்கிற பூ குப்பையில் போட்ட பூ ஆகாது என்று அப்பாவிடம் கொடுத்து, றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் அனுப்பினார். அப்பா கார் எடுத்துக்கொண்டு போனார். அதனால் கலண்டர் அண்ணை வந்தபோது வீட்டில் ஆம்பிளை என்று இருந்தது கீழே ஒளிந்திருந்தவர் மட்டும்தான். அம்மா என்னைக் கீழே அனுப்பினார். சித்தப்பாவோடு இரு, அவருக்கு இருமல் வந்தால் நீ இருமு என்று சொல்லி அனுப்பினார்.

படியிறங்கிய நான் திகைத்துப் போனேன். எப்போதும் பச்சையாக மங்கிக் கிடக்கும் அறை பளிச்சென்று இருந்தது. நெட்டைச் செவ்வந்தி அவ்வளவு நாளும் யன்னலுக்குத் திரையாக நின்றிருக்கிறது. அம்மா அதை வெட்டித் திறந்துவிட்டார். வேறு திரை போடவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. சித்தப்பா வீட்டைச் சூடாக்கும் மெசினுக்கும் சுவருக்கும் இடையில் நின்றார். என்னைக் கிட்டக் கூப்பிட்டுத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். அவர் நெஞ்சு அடிப்பது என் முதுகில் தெரிந்தது. போய் ஒரு போர்வையை யன்னலில் தொங்கவிடலாம் என்று நினைத்தேன், அதற்குள் பஸ் வந்து நின்றது.

வெட்டின தண்டுகளுக்கு நடுவில் பிரவுண் சப்பாத்து வந்தது. மஞ்சள் எங்கே தங்கச்சி என்று குரல் கேட்டது. நேர்த்திக்கடன் ஒன்று இருந்தது அண்ணை, கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அம்மா சொன்னார். அம்மாவின் குரல் தைத்து இழுத்த நூல் மாதிரி விறைப்பாக இருந்தது. சப்பாத்து பாத்தியோரமாகச் சுற்றி, சுவர்ப் பக்கம் வந்து, யன்னலுக்கு முன்னால் நின்றது. பிறகு முழங்கால் மடிந்தது. ஒரு கை வந்து வெட்டின தண்டைத் தொட்டுப் பார்த்தது. கைக்குப் பின்னால் முகம் வந்தது.

முதலில் என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு மேலே பார்த்தார். சித்தப்பா மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவர் எழும்பினார், முழங்காலில் மண்ணைத் தட்டினார்.

"கமராவிலை பிலிம் முடிஞ்சு கிடக்கு தங்கச்சி. இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

தேத்தண்ணி குடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார்.

அம்மா படியில் ஓடிவந்தார். போய்விட்டான், படமும் எடுக்கவில்லை என்று சொல்லி, என்னையும் சித்தப்பாவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தபடியே அழுதார். வென்றுவிட்டோம் என்றே நினைத்தார். சித்தப்பா அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "கண்டிட்டார் அண்ணி," என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாள்களை நான் மறுபடி வாழ விரும்பவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. போன் அடித்தால் ஒருவரும் எடுக்கமாட்டோம். அப்பா வேலைக்கு லீவு போட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தார். பிலிம் முடிந்தது என்றது பொய், ஆளைக் கூட்டிவரப் போயிருக்கிறான் என்றார். அம்மா யன்னலுக்குத் திரை தைத்துப் போட்டார், காலம் கடந்த திரை. வியாழக்கிழமை, நாள்கணக்கில் ஓடவேண்டிய எட்மன்ரனுக்குக் கார் ஓடுகிற பேக்கரிச் சிநேகிதன் ஒருவன் பின்வளவில் வந்து நின்றான். சித்தப்பாவிடம் ஒரு பை இருந்தது. சித்தப்பா அம்மாவிடம், "வெட்டின மஞ்சள் அடியிலை தளிர்க்கும் அண்ணி, தண்ணியை மட்டும் விடாமல் ஊத்துங்கோ" என்றார். என் தலையில் கையை வைத்தார். கரம் விளையாட இனி ஆள் இல்லை என்பதுதான் அப்போது என் பெரிய கவலை, நான் தேம்பி அழுதேன்.

தளிர்த்தது. புரட்டாதியில் இரண்டு கரையும் முந்தினதைவிட நெருக்கமாகப் பூத்தது. அம்மா பஸ் தரிப்புக்குப் போய்ப் பார்க்கவில்லை. உறைபனி வந்து எல்லாவற்றையும் கறுப்பாக்கியது. அடுத்த வருடம் அப்பா அந்த இடத்துக்குப் புல் விரித்துவிட்டார்.

சித்தப்பா எட்மன்ரனில் கலியாணம் கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்து, பேரனும் கண்டுவிட்டார். இந்த நகரத்தில் பிறகு கால் வைக்கவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. ஊரில் சண்டை முடிந்து, எல்லாம் முடிந்து, பயப்பட ஒருவரும் மிஞ்சாத பிறகும் வரவில்லை. அப்பா செத்த அன்று போனில் குழறி அழுதார். வாவன் என்று அம்மா எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தார். பழகிப்போச்சு அண்ணி என்பார். அம்மா அதைத் தன் பிழை என்றே எடுத்துக்கொண்டார். வெள்ளையை வைத்திருந்தால் என்ன, பூவை மட்டும் கிள்ளியிருந்தால் என்ன என்று இந்த வயதிலும் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்பார்.

போன மாதம் மார்க்கத்தில் கண் டொக்டரின் அறைக்கு வெளியே இருந்தேன். வாக்கர் பிடித்த ஒரு கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, பஸ் தரிப்படி வீட்டுப் பிள்ளையல்லோ நீ, தாயின்ரை முகம் அப்படியே என்றார். குரலில்தான் எனக்கு ஆள் பிடிபட்டது, கலண்டர் அண்ணை. காலில் இப்போது சப்பாத்து இல்லை, வீட்டுச் செருப்பு. அம்மாவின் சுகம் கேட்டார். அப்பா செத்ததைக் கேட்டுக் கவலைப்பட்டார். பிறகு குனிந்து மெதுவாக, "கீழை நிண்ட பொடியன் சுகமாயிருக்கிறானோ?" என்றார்.

இருக்கிறார் அங்கிள் என்று ஒருமாதிரிச் சொன்னேன்.

"எனக்குக் கண்டவுடனை ஆளைத் தெரிஞ்சுது. எங்கடை ஊர்ப் பொடியன். அவன்ரை முகத்தைப் பாத்தன், பிள்ளை, பயத்திலை பேயறைஞ்ச மாதிரி. எனக்கே என்னிலை வெறுப்பா வந்திட்டுது. ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. பிலிம் முடிஞ்சுது எண்டு ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டு ஏறிட்டன். புது றோல், ஒரு படமும் எடுக்கேல்லை. நான் அந்தத் தெருவாலை வந்தால் அவன் பயப்பிடுவான் எண்டு பிறகு அந்தப் பக்கமே வரேல்லை. ஒரு கிழமையிலை அவனுக்கே விளங்கியிருக்கும் எண்டு நினைச்சன்."

அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். முதுமையில் மனிசர் தங்களை நல்லவராக்கிக் கதை சொல்வது உண்டு, எனக்கும் அது தெரியும். ஆனால் பிலிமைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவராகத்தான் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் மனம் வந்தது, அதை அன்றைக்கே ஒரு வாய் சொல்லியிருக்கக்கூடாதா என்று சட்டையைப் பிடித்து உலுக்கவும் மனம் வந்தது. கண்ணைக்கூடக் காட்டாமல் எழும்பி நேரே அம்மாவிடம் போனேன்.

அம்மா இப்போது முதியோர் குடியிருப்பில் இருக்கிறார். கட்டிலில் இருந்து கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு இடத்திலும் மறிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, போனை எடுத்து எட்மன்ரன் இலக்கத்தைத் தேடினேன். சித்தப்பா வரலாம், இந்தக் கோடைக்கே வரலாம், ஒரு பயமும் இருந்ததில்லை என்று சொல்ல வாய் துடித்தது. அம்மா எட்டி என் கையைப் பிடித்தார்.

"வை பிள்ளை போனை. பயத்திலை ஓடினனான் எண்டு நினைச்சு அவன் இவ்வளவு காலமும் சீவிச்சிட்டான். சும்மா ஓடினனான் எண்டு தெரிஞ்சால் மிச்சக் காலத்தை என்னெண்டு சீவிப்பான்?"